மண்டோருக்கு நாற்பது வரி

காஜா பெராங், மலாக்கா
14.4.1957

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரைப் பிறப்பும் அதுவுமாக முதல் கடிதம் உனக்குத்தான். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன், பதிலே இல்லை. தம்பிராஜாவின் லாரி சிகாமட்டிலிருந்து வாரம் ஒரு நடை இங்கே வருகிறது. இரண்டு வரி எழுதி அவரிடம் கொடுத்துவிட்டால் குறைந்தா போய்விடுவாய்?

ஒரு சந்தோஷச் செய்தி. ஆகஸ்டு கடைசியில் நாடு சுதந்திரம் அடைகிறது அல்லவா? அந்த விழாவுக்கு எங்கள் நாடக மன்றம் போடப்போகும் நாடகத்தை என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள். பஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்க்கிறவனுக்கு இது பெரிய மரியாதை. தலைவர் மாணிக்கவாசகம் ராஜா ராணிக் கதை வேண்டும் என்றார். நான் மறுத்துவிட்டேன். ரப்பர் தோட்டத்தைத்தான் எழுதுவேன், காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தை எழுதுவேன், அங்கே வேலை வாங்குகிற மண்டோர் நம் ஆட்களை என்ன பேச்சுப் பேசுகிறான் என்று டவுன்காரர்கள் தங்கள் காதால் கேட்கட்டும் என்றேன்.

இதற்கு உன் உதவி வேண்டும், அக்கா. நல்லையா மாமா இறந்து, நீ காரியமெல்லாம் முடித்து வேலைக்குத் திரும்பியபோது, மண்டோர் உன்னைப் பெரட்டில் நிறுத்தி வைத்துத் திட்டினான் என்று உன்னோடு வேலை செய்கிற கமலவேணி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்ன சொன்னான் என்று அவரும் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம் நீ சோறு போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டாய். இப்போது காகிதத்தில் கேட்கிறேன், எழுந்து போக முடியாது. அவன் சொன்னதை அப்படியே எழுது.

நானாக எழுதினால் புத்தகத் திட்டாக இருக்கிறது. நேற்று அறையில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரம்மா மலாக்காச் செட்டி வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். கதவைத் தட்டி, சாமி கும்பிடுகிறாயா, பூ ஏதும் வேண்டுமா என்று கேட்டார். என் திட்டின் லட்சணம் அவ்வளவுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி சேதுபதி


புக்கிட் செரோஜா தோட்டம், சிகாமட்
5.5.1957

அன்புத் தம்பி சேதுவுக்கு அக்கா பூங்காவனம் எழுதுவது.

முழங்கால் அதன் இடத்தில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் பேசும், வெயிலில் சும்மா இருக்கும். நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று எழுதவில்லை. போன தடவை பார்த்தபோது கழுத்தெலும்பில் தண்ணீர் நிற்கும் போலிருந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். கூடப் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? நான் தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை படித்தது இதை எழுதத்தானா என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். அவன் சொல்ல வெட்கப்படவில்லை, நான் எழுத ஏன் வெட்கப்பட வேண்டும்?

அன்றைக்கு முதல் நாள் எனக்கு ஒதுக்கிய நிரையில் ஒரு மரத்தில் பால் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. நினைப்பு மாமாமேல் இருந்தது, வேறென்ன. மறுநாள் பெரட்டில் நூற்றிருபது பேர் நிற்கும்போது மண்டோர் என் பெயரைக் கூப்பிட்டு முன்னால் வரச் சொன்னான். "ஏய் முண்ட... புருசன... புருசனத்தான் முழுங்குன... இப்ப மரத்த... மரத்தையும் முழுங்க வந்தியாடி" என்றான். காலையிலேயே கள் போட்டிருந்தான், வாய் குழறியது. அதற்குமேல் இரண்டு சொல் சொன்னான். அதில் நம் அம்மா வருவாள், அதனால் எழுத மாட்டேன். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

இது பாதிக் கதைதான். மீதியைக் கமலவேணி உனக்குச் சொல்லவே இல்லையா? நான் பதில் சொன்னேன். "ஆமாண்டா, நான் முழுங்குறவதான். உன்னைய மட்டும் ஏன் விட்டுவெச்சிருக்கேன் தெரியுமா? பீயை எவடா வாயில வெப்பா?" என்றேன்.

எழுதக் கை கூசுகிறது. சொன்னபோது கூசவில்லை, சேது. மாமா போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது. அதற்காக என்னைச் சதுப்புப் பக்கத்துக் கிழட்டு மரங்களுக்கு மாற்றிவிட்டான். எட்டு மாதம் பால் வாளி பாதிகூட நிறையவில்லை. போகட்டும். அன்று சாயங்காலம் குழாயடியில் பொம்பளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சிரித்த சிரிப்பில் கமலவேணி குடத்தைக் கீழே போட்டு நசுக்கிவிட்டாள்.

இங்கே வீடு தோட்டத்தினுடையது, மரம் தோட்டத்தினுடையது, கத்திகூட ஸ்டோரில் கொடுத்தது. எனக்கென்று இருப்பது அந்த ஒரு பதில்தான். அவன் திட்டைப் போடுவதானால் என் பதிலையும் போடு. முடியாதென்றால் இரண்டையும் போடாதே. வேறு எதுவும் அக்கா உன்னிடம் கேட்கவில்லை.

கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் அக்கா
பூங்காவனம்


காஜா பெராங், மலாக்கா
9.6.1957

என் அன்பு அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அதை மூன்று தடவை படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து முதல் காட்சியை எழுதி முடித்தேன். உன் பதிலைப் படித்தபோது தனியாக இருந்த அறையில் கைதட்டினேன். வீட்டுக்காரம்மா இதற்கும் வந்து எட்டிப் பார்த்தார்.

மன்றத்தில் பெரிய சண்டை. தலைவர் மாணிக்கவாசகம் மண்டோரின் பேச்சைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, தாமே ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை இங்கே தருகிறேன். "பேதைப் பெண்ணே! வாய் பேசா மரத்தின் மேனியைப் புண்படுத்த உனக்கு எங்ஙனம் மனம் வந்தது?" விழாவுக்குப் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வருவார்களாம், தமிழ் மேடையில் கொச்சை கூடாதாம். "ஐயா, இப்படிப் பேசுகிறவனைக் கண்டால் யாரும் பயப்பட மாட்டார்கள், காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னும் முடிவாகவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் குழறியதைக் கொஞ்சம் சீர்படுத்தியிருக்கிறேன். மேடையில் குழறினால் கடைசி வரிசைக்குக் கேட்காது. இப்போது இப்படி வருகிறது: "புருசன முழுங்குன முண்ட, பொழப்ப முழுங்குன முண்ட, மரத்த முழுங்க வந்தியாடி, மண்டோர முழுங்க வந்தியாடி!" எப்படி இருக்கிறது? மண்டோர் வேடம் கட்டும் ஜெயபாலன் இதைச் சொல்லும்போது ஒத்திகை பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது. உன் வேடம் நடராஜனுக்கு. ஆண்பிள்ளைதான், ஆனால் பெண் வேடம் கட்டினால் அவன் அம்மாவே அடையாளம் தெரியாமல் திகைப்பார்.

உன் பதிலைப் பற்றிக் கவலைப்படாதே. அது இல்லாமல் இந்த நாடகமே இல்லை. என் தலைமேல் சத்தியம்.

தம்பி
சேதுபதி


புக்கிட் செரோஜா தோட்டம்
14.7.1957

அன்புத் தம்பிக்கு,

உங்கள் தலைவரின் வசனத்தைக் குழாயடியில் வாசித்துக் காட்டினேன். "எங்ஙனம், எங்ஙனம்" என்று இப்போது எல்லாருக்கும் அதே பேச்சு. நேற்றுக் கடையில் கருவாடு தராசில் குறைந்துவிட்டது. "எங்ஙனம் குறைஞ்சிச்சு?" என்று கமலவேணி கேட்க, கடைக்காரர் முழித்தார். அந்த மனிதரை ஒரு வாரம் இங்கே அனுப்பி வை, பெரட்டில் நிற்க வைக்கிறோம்.

நீ திருத்தி எழுதிய திட்டைப் படித்தேன். அவன் இவ்வளவு ஒழுங்காகப் பேசவில்லையே, சேது. பாட்டு மாதிரி இருக்கிறது. கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு என்னவோ போலிருக்கிறது. ஆனால் மேடை விஷயம் எனக்கென்ன தெரியும், நீ பார்த்துக்கொள்.

நடராஜனிடம் சில விஷயம் சொல். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. கையில் பால் வாளி இருந்தது, அதைக் கீழே வைக்கவும் இல்லை. கத்தவில்லை, பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன். அதனால்தான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. முக்கியமாக, நான் அழவில்லை. அழுதால் என் முகம் எப்படிப் போகும் என்று மண்டோருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

ஆகஸ்டில் என்னால் வர முடியாது, லீவு இல்லை. நீங்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் பார்ப்போம். பதினாறு பேர் இப்போதே தயாராக இருக்கிறோம்.

முட்டை வாங்கிச் சாப்பிடு.

அக்கா
பூங்காவனம்


காஜா பெராங், மலாக்கா
8.9.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நாடும் சுதந்திரமடைந்தது, நாடகமும் நடந்தது. கொடி ஏறியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மாமா இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

நாடகம் அமோக வெற்றி. ஹாலில் நிற்க இடமில்லை. ஜெயபாலன் "புருசன முழுங்குன" என்று ஆரம்பித்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்துவிட்டது. ஒன்ஸ்மோர் கேட்டு இரண்டாம் தடவை சொல்ல வைத்தார்கள். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைவரே என் முதுகில் தட்டினார். நேரம் போதாததால் சில இடங்களைக் கொஞ்சம் சுருக்க வேண்டியதாயிற்று, அதெல்லாம் மேடையில் சகஜம்.

தோட்டங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. உங்கள் தோட்டத்துக்குத் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு வருகிறார்கள். எனக்கு ஆபீசில் லீவு கிடைக்காது போலிருக்கிறது. உனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன், தம்பிராஜாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்
சேது


புக்கிட் செரோஜா தோட்டம்
24.10.1957

சேதுவுக்கு,

சேலை வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஸ்டோர் முன்னால் மேடை போட்டார்கள். நாங்கள் பதினாறு பேரும் பாய் விரித்து முன்னாலேயே உட்கார்ந்தோம். கமலவேணி பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "இரு இரு, நம்ம பூங்காவனம் பேசுறத கேளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு முன்னே நாற்காலிகள். அதில் துரை, கிராணி, பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டோர்.

உன் ஜெயபாலன் குடையை ஆட்டிக்கொண்டு வந்து அந்த வரியைச் சொன்னார். கூட்டம் சிரித்தது, சேது. அன்றைக்கு என்னோடு நின்று தரையைப் பார்த்த அதே ஆட்கள் சிரித்தார்கள். மண்டோர் முதலில் பயந்து துரை முகத்தைப் பார்த்தான். துரைக்குத் தமிழ் அரைகுறை, ஊர் சிரிக்கிறதே என்று அவரும் சிரித்தார். அவ்வளவுதான், மண்டோர் தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "இன்னொரு தடவ" என்று முதலில் கத்தியவனே அவன்தான். மூன்று தடவை சொல்ல வைத்தார்கள்.

பிறகு நடராஜன் முறை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கமலவேணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடராஜன் "ஐயோ தெய்வமே" என்றார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மண்டோர் காலில் விழுந்தார். திரையை இழுத்துவிட்டார்கள். கமலவேணி என் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். மண்டோருக்கு நீ நாற்பது வரி எழுதியிருக்கிறாய். எனக்கு ஐந்து. அதில் மூன்று ஐயோ.

அவனுக்கு இவ்வளவு நன்றாகத் திட்டத் தெரியாதடா. குடித்துவிட்டு உளறுகிறவன். நீதான் அவனுக்கு வாய் கொடுத்திருக்கிறாய். நாடகம் முடிந்ததும் மேடையேறி ஜெயபாலனுக்கு மாலை போட்டான். அந்த வரியை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

நான் சொன்ன பதில் எங்கே? நேரம் போதவில்லை என்று சொல்லாதே. மூன்று தடவை திட்ட நேரம் இருந்தது.

பூங்காவனம்


காஜா பெராங், மலாக்கா
3.11.1957

அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக எழுத முடியாமல் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் உன் கடிதம் கிடைத்த மறுவாரம் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கெட்டவன் வாயில் கெட்ட சொல் வந்தால், சரி, அது அவன் குணம் என்று ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். கதாநாயகி வாயில் வந்தால் அவள்மேல் இருக்கிற இரக்கமே போய்விடும், தம்பி. அவளை அழவிடு. அதை விட்டுக்கொடுத்தால் மண்டோர் பேச்சில் நான் கை வைக்கவில்லை" என்றார். நான் சரி என்றேன். வெளியே வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்தேன். ஒரு திட்டாவது நிஜமாக மேடையேறட்டும் என்று நினைத்தேன், பாதி உண்மையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். அதெல்லாம் பொய். அந்தத் திட்டு நான் எழுதியது, அக்கா. நான் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல வரி. உன் பதில் நீ சொன்னது, நான் அதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இரண்டில் ஒன்றை விடச் சொன்னபோது, என்னுடையதைக் காப்பாற்றிக்கொண்டேன். எழுதும்போது அருவருப்பாக இருக்கிறது.

லீவு கிடைக்காமல் இல்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் வரவில்லை.

பொங்கலுக்கு மறுபடி போடுகிறார்கள். அதற்குள் உன் பதிலைச் சேர்த்துவிடுகிறேன். முடியாதென்றால் நாடகத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி
சேது


காஜா பெராங், மலாக்கா
15.12.1957

அக்காவுக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. தம்பிராஜாவிடம் கேட்டால், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, ஒண்ணும் குடுத்தனுப்பல" என்கிறார்.

இத்துடன் புதுப் பிரதி இருக்கிறது. உனக்கு நாற்பது வரி எழுதியிருக்கிறேன். உன் பதிலை நீ சொன்னபடியே சேர்த்து, பால் வாளியைக் கீழே வைக்காமல், குரலை உயர்த்தாமல் என்று குறிப்பும் போட்டிருக்கிறேன். தலைவர் படித்தார். பொங்கலுக்கு இது கிடையாது, பழையதுதான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பழைய பிரதி மன்றத்தின் பெயரில் இருக்கிறதாம், நான் திரும்பக் கேட்க முடியாதாம். நான் மன்றத்தை விட்டு விலகிவிட்டேன். அதனால் யாருக்கும் ஒன்றும் நிற்கவில்லை, ஜெயபாலன் நேற்றுக்கூட ஒத்திகைக்குப் போனான்.

நீ படித்தால் போதும். வேறு யாரும் படிக்க வேண்டாம். படித்துவிட்டு, சரியாக இருக்கிறது, இல்லை என்று ஒரு சொல் எழுது.

சேது


புக்கிட் செரோஜா தோட்டம்
12.1.1958

சேது,

நீ அனுப்பியதைப் படிக்கவில்லை. அதைத் திருப்பி அனுப்புகிறேன், சேலையும் கூட இருக்கிறது. இனிமேல் என் பெயருக்கு எது கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்று தம்பிராஜாவிடம் சொல்லிவிட்டேன். அவரைத் தொந்தரவு செய்யாதே, அவர்மேல் தப்பில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த மறுவாரத்திலிருந்து மண்டோர் பெரட்டில் உன் வரியைச் சொல்கிறான். என்னைப் பார்த்து மட்டுமல்ல, யார் தப்புச் செய்தாலும் அதுதான். காகிதத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டான், இப்போது வாய் குழறுவதில்லை. ஜெயபாலன் மாதிரியே குடையை ஆட்டுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். திட்டு வாங்குகிறவரும் சிரித்துவிட்டு வரிசைக்குப் போகிறார். கமலவேணிகூட ஒரு நாள் சிரித்துவிட்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை, கேட்டால் சிரிப்பு வரும்படிதான் நீ எழுதியிருக்கிறாய். குழாயடியில் இப்போது யாரும் என் பதிலைக் கேட்பதில்லை. நாடகத்தில் அப்படி ஒன்று இல்லையே என்று ஒரு புதுப்பெண் கேட்டாள். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டரை மாதம் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை பெரட்டில் என்னை முன்னால் கூப்பிட்டான். முதல் தடவை கூப்பிட்ட அதே இடம். வரியைச் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். சொல்லும் நாக்கில்தான் இருந்தது. அப்போது நூற்றிருபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் அவள் என்ன செய்வாள் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும், சேது. மேடையில் பார்த்திருக்கிறார்கள். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

ஐயோ என்றேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அங்கேயே அழுதேன், நீ எழுதிய மாதிரியே.

மண்டோர் கைதட்டினான். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள்.

பூங்காவனம்